கட்டைவிரல்களுக்குத் தமிழ் பழக்குதல்: கைபேசியில் தட்டெழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தட்டச்சுப் பொறி இருந்த காலத்தில் அதைக் கற்றுத்தரப் பயிலகங்கள் இருந்தன. எந்த விரல் எந்த விசைக்கு உரியது என்று ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். கைபேசியோ அப்படி எந்தப் பாடமும் இல்லாமல் கைக்கு வந்து சேர்ந்தது. ஆளாளுக்குத் தோன்றியபடி குத்தத் தொடங்கினோம், அந்தப் பழக்கத்திலேயே நின்றும்விட்டோம். பல ஆண்டுகளாகக் கைபேசி வைத்திருப்பவர்கள்கூட ஒரு கையில் அதை ஏந்திக்கொண்டு, மறுகையின் ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவதைப் பார்க்கிறோம். அவர்களுக்காகவும், இப்போதுதான் முதன்முதலாகத் தமிழில் எழுதிப் பார்க்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கண் தேடுவதில்தான் பெரும்பாலான நேரம் போகிறது. விரல் நகர்வதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. எழுத்துகளின் இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டால் வேகம் தானாக வரும். இடம் தெரிய வேண்டுமானால் அது மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே ஒரே விசை அமைப்பு, ஒரே அளவு, ஒரே பிடி என்று தீர்மானித்துவிட்டுச் சில வாரங்களுக்காவது அதிலிருந்து அசையாமல் இருப்பதே இந்தப் பயிற்சியின் அடித்தளம். கீழே சொல்லும் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் விசை அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள்

தமிழில் எழுதப் பல அமைப்புகள் இருந்தாலும், புதியவர் தேர்ந்துகொள்ளத் தக்கவை மூன்று வகைக்குள் அடங்கும். ஒன்று தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசால் தரமாக ஏற்கப்பட்ட அமைப்பு இது. இரண்டாவது, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறை. விதிப்படி எழுத்துக்கு எழுத்து மாற்றும் அஞ்சல் முறையும், நாம் தட்டியதை வைத்துச் சொல்லை ஊகித்துத் தரும் முறையும் இதில் சேரும். மூன்றாவது, மெய்யைத் தொட்டதும் அதன் உயிர்மெய் வடிவங்களோ உயிர்க்குறிகளோ எடுத்துக்காட்டப்படும் பலகைகள். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டும் இயல்பாகவே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியை நிறுவினால் இரண்டும் கிடைக்கும். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் ஒலிபெயர்ப்பு முறையும், திரையில் விரலால் எழுதிக்காட்டும் கையெழுத்து முறையும் உள்ளன.

என்னைக் கேட்டால், தமிழில் நாள்தோறும் எழுதப்போகிறவர் தமிழ்99 கற்பதே நல்லது என்பேன். காரணத்தைச் சொற்களைக் கொண்டே காட்டலாம். இந்த அமைப்பில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் மெய்க்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. 'பட்டம்' என்று எழுத ப, ட, ட, ம, புள்ளி என ஐந்து தட்டல்கள் போதும். 'பந்தம்' எழுதவும் ப, ந, த, ம, புள்ளி என்று ஐந்துதான். இதையே ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்தால் ஏழு தட்டல்கள் ஆகும். 'கங்கை' நான்கே தட்டல்: க, ங, க, ஐ. தமிழில் இரட்டிப்பும் இன எழுத்துச் சேர்க்கையும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதை எண்ணிப்பார்த்தால், ஒரு பத்தியில் மிச்சமாகும் உழைப்பு விளங்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. புள்ளி வேண்டாத இடத்திலும் அது தானாக விழுந்துவிடும். 'ததும்பு' என்று எழுத நினைத்து த, த என்று தட்டினால் 'த்த' என்று வந்து நிற்கும். அந்த இடத்தில் முதல் தகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்ட வேண்டும்: த, அ, த, உ, ம, ப, உ. முதல் வாரத்தில் இது எரிச்சலூட்டும். பிறகு கை தானாகவே அகரத்தைத் தேடிப் போய்விடும்.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே விரைவாகத் தட்டெழுதுகிறவர், தமிழில் அவ்வப்போது இரண்டு வரி மட்டும் எழுதுகிறவராயின், அஞ்சல் முறையோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ண, ள, ற ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் விசையைத் தொட நேரும். சொல்லை ஊகித்துத் தரும் முறையில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு தொல்லை வரும். ஒருமுறை நண்பர் ஒருவருக்குப் 'பணி முடிந்தது' என்று அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். 'இங்கே இன்னும் குளிர்கிறதே' என்று அவர் பதில் எழுதிய பிறகுதான், நான் 'பனி முடிந்தது' என்று அனுப்பியிருப்பதைப் பார்த்தேன். மனம், மணம், அரை, அறை, வலி, வழி, வளி, கரி, கறி எனத் தமிழில் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். ஊகம் தரும் சொல்லில் எழுத்துப்பிழை இருக்காது. ஆனால் அது வேறு சொல்லாக இருக்கும். அதனால்தான் படித்துப் பார்த்தாலும் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

பலகையைச் சேர்த்தல்

ஐபோனில் அமைப்புகள், பொது, விசைப்பலகை என்ற வழியில் சென்று புதிய விசைப்பலகையாகத் தமிழைச் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவியபின் அமைப்புகளில் மொழி, உள்ளீடு தொடர்பான பகுதிக்குச் சென்று அதை இயக்க வேண்டும். அந்தப் பகுதியின் பெயரும் இடமும் கைபேசிக்குக் கைபேசி சற்று மாறும் என்பதால், அமைப்புகளின் தேடல் பெட்டியில் 'விசைப்பலகை' என்று தேடுவதே எளிது. இயக்கும்போது, நீங்கள் தட்டும் அனைத்தையும் இந்தச் செயலி திரட்டக்கூடும் என்ற எச்சரிக்கை தோன்றும். எந்த விசைப்பலகைச் செயலிக்கும் இது பொருந்தும். ஆகவே யார் உருவாக்கியது என்று தெரியாத செயலியை நிறுவாதீர்கள்.

தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மொழிப் பலகைகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். உலக உருண்டைப் படமுள்ள விசையை ஒருமுறை தொட்டால் மற்ற மொழி வர வேண்டும்; நான்கு மொழிகளைச் சுற்றி வருவது கையின் ஓட்டத்தை அறுத்துவிடும். விசையைத் தொட்டதும் சிறிதாக அதிரும் வசதி இருந்தால் அதை இயக்கிவையுங்கள், ஏனெனில் கண்ணாடித் திரையில் விசையின் விளிம்பு விரலுக்குத் தெரியாத நிலையில், தட்டு பதிந்ததா என்று விரலுக்குச் சொல்வது அந்த அதிர்வு ஒன்றுதான்.

விசைகளின் அளவையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆங்கிலப் பலகையின் மூன்று வரிசைகளில் முறையே 10, 9, 7 என 26 எழுத்துகள் இருக்கின்றன. தமிழ்99இன் தர அமைப்பில் 12, 11, 8 என 31. ஆகவே அதே அகலமுள்ள திரையில் தமிழ் விசை ஒவ்வொன்றும் ஆங்கில விசையைவிடக் குறுகலாகவே இருக்கும். அகலத்தைக் கூட்ட வழியில்லை; உயரத்தைக் கூட்டலாம். பலகையின் உயரத்தை மாற்றும் வசதி பல செயலிகளில் உண்டு. அதை ஒரு படி கூட்டினால் மேல்வரிசையைத் தட்டப்போய் நடுவரிசையைத் தட்டும் பிழை வெகுவாகக் குறையும்.

பிடிக்கும் முறை

கைபேசியை நிமிர்த்தி வைத்து, இரு கைகளின் நான்கு விரல்களையும் அதன் முதுகுக்குக் கீழே தாங்கலாகக் கொடுத்து, இரண்டு கட்டைவிரல்களையும் திரைக்கு மேலே விடுதலையாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்கைகள் உடலோடு ஒட்டியோ மேசையில் ஊன்றியோ இருக்கட்டும். கட்டைவிரல் நீட்டி விறைத்திருக்காமல் கணுவில் சற்று வளைந்திருக்க வேண்டும்; அப்போதுதான் விரல் நுனி மட்டும் திரையில் படும், விரலின் வயிறு முழுவதும் படாது. அழுத்த வேண்டியதில்லை. இன்றைய திரைகள் விரலின் மின்னூட்டத்தை உணர்ந்தே வேலை செய்கின்றன, எடையை உணர்ந்து அல்ல. எனவே மெல்லத் தொட்டு எடுத்தாலே போதும். விரலோ திரையோ ஈரமாக இருந்தால் தொடாத இடத்திலும் எழுத்து விழும், துடைத்துக்கொண்டு எழுதுங்கள். நகம் நீளமாக வைத்திருப்பவர்கள் விரலைச் சற்றுச் சாய்த்துத் தோல் படும்படி தொட வேண்டும்.

ஒரு நுட்பம் இங்கே கவனிக்கத் தக்கது. நாம் குறிபார்ப்பது நகநுனியைக் கொண்டு. திரை உணர்வதோ அதற்குக் கீழே படியும் சதையின் நடுவிடத்தை. கைபேசி இந்த வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்துகொள்கிறது, ஆனாலும் முழுமையாக அல்ல. தொடர்ந்து கீழ்வரிசை எழுத்தே விழுகிறதென்றால், எழுத்தின் நடுவைப் பார்க்காமல் அதன் மேற்பாதியைக் குறிவைத்துத் தொட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலப்பக்கமும் இருக்கின்றன. இரு கட்டைவிரல்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அமையாது. 'பாடி' என்று எழுதிப் பாருங்கள்: ப வலக்கை, ஆ இடக்கை, ட வலக்கை, இ இடக்கை. வலக் கட்டைவிரல் பகரத்தைத் தொடும்போதே இடக் கட்டைவிரல் ஆகாரத்தின் மேல் போய்க் காத்திருக்கலாம். மெய்யும் உயிரும் மாறிமாறி வருவது தமிழ்ச் சொல்லின் இயல்பு என்பதால், நடைபோடுவதுபோல் கைகள் மாறிமாறி இயங்கும். வ, ங ஆகியவை மட்டும் கீழ்வரிசையில் நடுப்பக்கமாக ஒதுங்கியிருக்கின்றன. வகரத்தை இடக்கைக்கும் ஙகரத்தை வலக்கைக்கும் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பங்கீட்டை மாற்றாதீர்கள்.

நாளுக்குக் கால்மணி நேரம் போதும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மூன்று நாள் விட்டுவிடுவதைவிட அது பலன் தரும். முதல் மூன்று நாள் நடுவரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அ, இ, உ, ஃ, எ, க, ப, ம, த, ந, ய என்ற பதினொன்றும் அந்த வரிசையில் இருக்கின்றன. ஃ இருக்கும் விசையே மெய்க்குப் பின் தட்டும்போது புள்ளியாகும். அது, இது, எது, அந்த, இந்த, எந்த, மதி, நதி, முகம், பக்கம் ஆகியவற்றை எல்லாம் இந்த ஒரே வரிசையிலிருந்து விரலை எடுக்காமல் எழுதலாம். 'புத்தகம்' என்ற சொல்லும் அப்படியே: ப, உ, த, த, க, ம, புள்ளி. ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதுங்கள். ஆறாவது ஏழாவது முறையிலேயே கண் விசைகளை விட்டு எழுதும் வரிக்குப் போகத் தொடங்குவதை உணர்வீர்கள்.

அடுத்த நான்கைந்து நாள் மேல்வரிசை. ஆ, ஈ, ஊ, ஐ, ஏ என்ற நெடில்கள் இடப்பக்கம். ள, ற, ன, ட, ண, ச, ஞ வலப்பக்கம். ஆகாரம் அகரத்துக்கு நேர் மேலேயும், ஈகாரம் இகரத்துக்கு நேர் மேலேயும், ஊகாரம் உகரத்துக்கு நேர் மேலேயும் இருப்பதைக் கவனியுங்கள். குறிலைக் கற்ற விரலுக்கு நெடில் ஒரு படி மேலே, அவ்வளவுதான். இங்கே ன, ண இரண்டும் டகரத்தின் இருபுறமும் நிற்பதால் முதலில் குழப்பும். அன்னம், அண்ணன், மண்டபம், கண்டேன், தென்னை போன்ற சொற்களை வேண்டுமென்றே அதிகமாக எழுதிப் பழகுங்கள். கீழ்வரிசையில் ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, ழ எட்டுதான். இரண்டு நாளில் அடங்கிவிடும்.

இரண்டாம் வாரத்தின் மீதி நாள்கள் முழுவதும் உங்கள் சொந்தச் சொற்றொடர்களையே எழுதுங்கள். அன்று நடந்ததைப் பத்து வரி எழுதுவது நல்ல பயிற்சி, ஏனெனில் நாம் உண்மையில் தட்டெழுதுவது மனத்தில் எழும் சொற்களைத்தான். அச்சில் இருப்பதைப் பார்த்துப் படியெடுப்பது வேறு வேலை. இந்த நாள்களில் வேகம் பழைய முறையைவிடக் குறைந்துபோகும். அவசரச் செய்தி ஒன்றை அனுப்ப வேண்டிவந்தால் பழைய பலகைக்குத் திரும்பிவிடலாம் என்று கை துடிக்கும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அவசரம் என்றால் அழைத்துப் பேசிவிடுங்கள், பலகையை மட்டும் மாற்றாதீர்கள்.

பிழை திருத்துதல்

நன்றாகத் தட்டெழுதுகிறவருக்கும் பிழை வரும். அவர் அதைக் குறைந்த அசைவில் திருத்திவிடுகிறார் என்பதே வேறுபாடு. இப்போது தட்டிய ஓரிரு எழுத்தில் பிழை என்றால் உடனே அழித்துத் திருத்துங்கள். முந்தைய சொல்லில் என்றால், எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டுத் திரும்புங்கள். பாதி வாக்கியத்தில் பின்னே போனால் சொல்ல வந்தது மறந்துபோகிறது.

அழிப்பு விசை தமிழில் வேலை செய்யும் விதம் புதியவர்களைத் திகைக்கவைக்கும். 'கொ' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிகளும் கைபேசிகளும் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொதுத் தரமான யுனிகோடில் அது ககரமும் அதை ஒட்டிய ஒகரக் குறியுமாக இரண்டு. ஆகவே பெரும்பாலான கைபேசிகளில் ஒருமுறை அழித்தால் குறி மட்டும் போய் 'க' நிற்கும், மறுமுறை அழித்தால்தான் 'க'வும் போகும். இதை உங்களுக்கு ஆதாயமாக்கிக்கொள்ளலாம். 'போனான்' என்பது 'பொனான்' என்று விழுந்திருந்தால், 'பொ'வுக்குப் பின் சுட்டியை (எழுதும் இடத்தைக் காட்டும் கோட்டை) வைத்து ஒருமுறை அழித்து, ஓகாரத்தைத் தட்டுங்கள். சில பலகைகளில் அது ஒட்டிக்கொண்டு 'போ' ஆகிவிடும். ஒட்டாமல் 'பஓ' என்று நின்றால், பகரத்தையும் அழித்துவிட்டு இரண்டையும் சேர்த்தே தட்ட வேண்டும். உங்கள் பலகை எந்த வகை என்று ஒருமுறை சோதித்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டியைச் சரியான எழுத்துக்கிடையில் கொண்டுபோய் வைக்க விரலால் வரியையே குத்திக்கொண்டிருப்பது வீண். ஜிபோர்டில் இடைவெளி விசையின் மேல் விரலை வைத்து இடமோ வலமோ இழுத்தால் சுட்டி எழுத்தெழுத்தாக நகரும். ஐபோனில் அதே விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு இழுக்க வேண்டும். இந்த ஒரு வசதியைத் தெரிந்துகொண்டதற்காகவே எனக்கு நன்றி சொன்னவர்கள் உண்டு. ஜிபோர்டில் அழிப்பு விசையிலிருந்து இடப்பக்கமாக விரலை இழுத்தால் முழுச் சொற்களாக அழியும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் சில உண்டு. 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவது அவற்றுள் மிகப் பரவலானது. 'ஔவை' என்பது 'ஒளவை' என்று எழுதப்பட்டிருந்தால் படிக்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கும், திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கும் அது வேறு சொல். உயிர்க்குறிகள் தனி விசைகளாக இருக்கும் பலகைகளில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் இதே குழப்பம் நேரும்.

பரிந்துரையும் தானியங்கித் திருத்தமும்

பின்லாந்தின் ஆல்டோ, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 37,000க்கும் மேற்பட்டோர் கைபேசியில் தட்டெழுதுவதை அளந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரு கட்டைவிரல்களால் எழுதியவர்கள் சராசரியாக நிமிடத்துக்கு 38 சொற்கள் எழுதினார்கள். தானியங்கித் திருத்தத்தைப் பயன்படுத்தியவர்கள் வேகமாகவும், பரிந்துரைச் சொற்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மெதுவாகவும் எழுதியதும் அதில் தெரியவந்தது. பரிந்துரையைப் படித்து, ஆம் இல்லை என்று முடிவு செய்வதற்கு ஆகும் நேரம், மிச்சமாகும் தட்டல்களை விழுங்கிவிடுகிறது.

இது ஆங்கிலத் தட்டெழுத்தைப் பற்றிய முடிவு. தமிழுக்கு அப்படியே பொருந்தாது என்பது என் அனுபவம். தமிழ்ச் சொல் வேற்றுமையும் காலமும் இடைச்சொல்லும் ஏற்று நூற்றுக்கணக்கான வடிவங்களை எடுக்கிறது. 'வந்தவர்களிடமிருந்துதான்' என்ற வடிவம் எந்தச் சொற்பட்டியலிலும் இருக்காது என்பதால், தானியங்கித் திருத்தம் அதைப் பிழையென்று கருதி வேறொன்றாக மாற்ற முயலும். ஆகவே தமிழுக்குத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பரிந்துரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் 'கேட்டுக்கொள்கிறேன்' போன்ற நீண்ட சொற்களுக்கு மட்டும் பார்த்தால் போதும். 'அவன்', 'நான்' போன்றவற்றுக்குக் கண்ணை மேலே தூக்குவது வீண். அடிக்கடி எழுதும் முகவரி, வணக்க வரி போன்றவற்றைத் தனிப்பட்ட அகராதியில் ஈரெழுத்துச் சுருக்கமாகச் சேர்த்துவைத்தால், அந்தச் சுருக்கத்தைத் தட்டியதும் முழு வரியும் வந்துவிடும். கடவுச்சொல்லையும் வங்கி எண்ணையும் அப்படிச் சேர்த்துவைக்கக் கூடாது.

குரல்வழி எழுதுதலும் இப்போது தமிழில் நன்றாகவே வேலை செய்கிறது. கூகுள் 2017இல் தமிழையும் அதில் சேர்த்தது. நீண்ட வரைவைப் பேசிப் பதிந்துவிட்டு, நிறுத்தற்குறிகளையும் சந்தியையும் கட்டைவிரலால் திருத்துவது எனக்குப் பிடித்த வழி. ஆனால் அந்தத் திருத்தத்துக்கே தட்டெழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு

ஒரு மாதம் கழித்து உங்கள் வேகத்தை அளந்து பார்க்க விரும்பினால், சொற்களை எண்ணாமல் ஒரே பத்தியை எழுத ஆகும் நேரத்தை எண்ணுங்கள். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட நீளமானவை. ஆங்கிலத்தில் எழுதுவோரின் நிமிடக் கணக்கோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டியதில்லை. கட்டைவிரலின் அடிப்பகுதியிலோ மணிக்கட்டிலோ வலி தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஓய்வு கொடுத்தும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீளமாக எழுத வேண்டியவர்கள் ஒரு தனி விசைப்பலகையைப் புளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைத்துக்கொள்ளலாம். அதிலும் தமிழ்99 இதே வரிசையில்தான் இருக்கும், விரல்கள் மட்டும் பத்தாகும்.

புதுக் கைபேசிக்கு மாறும் நாளில், வேறு செயலிகளை நிறுவுவதற்கு முன் விசைப்பலகையை நிறுவுங்கள். பழையதில் இருந்த அதே செயலி, அதே அமைப்பு, அதே உயரம், அதே அதிர்வு. தனிப்பட்ட அகராதி தானாக வந்து சேர்ந்ததா என்று ஒரு சுருக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய கைபேசியில் உள்ளவற்றை அதன் பிறகு அழியுங்கள்.